சிறு படகின் இரண்டு பேட்டரிகள்

உலு சிலாங்கூர் மலைச்சரிவுகளில் தோன்றி, கோல குபு பாரு வழியே இறங்கி, சுங்கை சோ, செரண்டா, ரவாங் வட்டாரங்களின் மழைநீரைக் கொண்டுவரும் கிளையாறுகளையும் சேர்த்துக்கொண்டு, பழைய தலைமுறையினர் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயாவைக் கடந்து, கோலசிலாங்கூரில் மலாக்கா நீரிணையில் கலக்கும் சிலாங்கூர் ஆறு, தன் கடைசிச் சில கிலோமீட்டர்களில் மூன்று விதமான சிறு படகுகளைச் சுமக்கிறது. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் கூட்டமாக ஒளிரும் மின்மினிகளைக் காட்டப் பயணிகளை ஏற்றிச் செல்லும் சம்பான்கள் துடுப்பால் செலுத்தப்படுபவை. அதே நோக்கத்துக்காகக் கம்போங் புக்கிட் பெலிம்பிங்கில் ஓடுபவை மின்மோட்டார்ப் படகுகள். கழிமுகத்தை ஒட்டிய பாசிர் பெனாம்பாங்கிலிருந்து கடலுக்குப் போகும் மீனவர் படகுகளோ எஞ்சினை நம்பியவை. துடுப்புச் சம்பானுக்கு ஒரு கைவிளக்கு போதும். மற்ற இரண்டு வகைக்கும் இருட்டில் திரும்பி வருவதற்குத் தேவையானவை பலவும் பேட்டரியிலிருந்தே வந்தாக வேண்டும் என்பதால், அந்த மின்சாரத்தை எப்படிச் சேமித்து, எப்படிப் பிரித்து வைப்பது என்பது தனித்து ஆராயத்தக்க ஒரு வடிவமைப்புக் கேள்வியாகிறது.

படகில் இரண்டாவது பேட்டரி வைப்பதன் நோக்கம் பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. ஒன்று இருக்கும் இடத்தில் இரண்டு இருந்தால் இருமடங்கு மின்சாரம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் என்றால் பெரிய பேட்டரி ஒன்றையே வாங்கிவிடலாம், செலவும் வயர்களும் குறையும். இரண்டாகப் பிரிப்பதற்கான காரணம் வேறு. நடுக்கடலில் மின்சாரம் தீர்ந்துபோவது எப்போதாவது நடக்கவே செய்யும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அப்படித் தீரும்போது எது முதலில் அணையலாம், எது கடைசிவரை அணையக் கூடாது என்பதைக் கரையிலேயே தீர்மானித்து வைப்பதே அது. இந்தத் தீர்மானம் இல்லாமல் வைக்கப்படும் இரண்டு பேட்டரிகள் ஒரே இரவில் ஒன்றாகவே தீர்ந்துவிடக்கூடும்.

தோட்டத்து லாரியிலும் டிராக்டரிலும் இருப்பது போன்ற ஈய-அமிலப் பேட்டரிதான் சிறு படகுகளில் இன்னும் பரவலாக இருக்கிறது. பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே 1859இல் உருவாக்கிய இந்த அமைப்பில், ஈய டை ஆக்சைடால் ஆன நேர்த்தகடும் பஞ்சுபோல் நுண்துளைகள் கொண்ட ஈயத்தால் ஆன எதிர்த்தகடும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கின்றன. மின்சாரம் வெளியே போகும்போது இரண்டு தகடுகளிலும் ஈயச் சல்பேட்டு படிகிறது, மீண்டும் மின்னேற்றும்போது அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. இப்படிப்பட்ட ஒரு மின்கலம் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறு மின்கலங்களைத் தொடராக இணைத்தால் கிடைப்பதே 12 வோல்ட் பேட்டரி என்று வழங்கப்படும் பொருள். முழுமையாக மின்னேறி, சில மணி நேரம் ஓய்ந்திருந்த பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும்; 12.2 வோல்டுக்கு இறங்கினால் பாதி தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். 12 வோல்டுக்கும் கீழே போன பிறகு மிச்சம் இருப்பதை நம்பிப் பயணத்தைத் திட்டமிடக் கூடாது.

பேட்டரியிடம் கேட்கப்படும் வேலைகள் இரண்டு, அவை ஒன்றுக்கொன்று முரணானவை. அவுட்போர்டு எஞ்சினைத் தொடக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார், எஞ்சினின் அளவைப் பொறுத்து, 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். ஆனால் இழுப்பது சில விநாடிகளே. 150 ஆம்பியர் 3 விநாடிக்கு ஓடினால் செலவாகும் மின்னூட்டம் 450 ஆம்பியர்-விநாடி, அதாவது 0.125 ஆம்பியர்-மணி. ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் கடந்துபோகும் மின்னூட்டமே ஓர் ஆம்பியர்-மணி என்பதால், எஞ்சினை ஒருமுறை உயிர்ப்பிக்க ஆகும் செலவு, அரை ஆம்பியர் இழுக்கும் சிறு விளக்கு கால்மணி நேரம் எரியும் செலவுக்குச் சமம். எஞ்சின் தொடங்கியதும் அதனுள் இருக்கும் மின்னாக்கி அந்தக் கடனை ஓரிரு நிமிடங்களில் அடைத்துவிடுகிறது. விளக்குகளும் கருவிகளும் இதற்கு நேர்மாறானவை; 3 ஆம்பியரை மட்டுமே இழுத்தாலும் எட்டு மணி நேரத்தில் 24 ஆம்பியர்-மணியைத் தின்றுவிடும்.

முதல் வேலைக்குத் தேவை திறன், இரண்டாவது வேலைக்குத் தேவை ஆற்றல். வாய் அகன்ற சிறு பாத்திரத்தையும் வாய் குறுகிய பெரிய குடத்தையும் போல, பேட்டரிகளும் இந்த இரண்டில் ஒன்றுக்காகவே செய்யப்படுகின்றன. ஸ்டார்ட்டர் பேட்டரியில் மெல்லிய தகடுகள் பல அடுக்கப்பட்டிருப்பதால் அமிலம் தொடும் பரப்பு மிகுந்து, ஒரே கணத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய முடிகிறது. ஆனால் அந்த மெல்லிய தகடுகளை அடிக்கடி பாதிவரை தீர்த்தால் அவற்றின் மேல் உள்ள வேதிப்பசை உதிர்ந்து, சில பத்து முறைகளிலேயே பேட்டரி பயனற்றுப் போகக்கூடும். ஆழ்சுழற்சிப் பேட்டரி எனப்படும் மற்ற வகையில் தகடுகள் தடித்தவை, எண்ணிக்கையில் குறைந்தவை. வேகமாகக் கொடுக்க முடியாவிட்டாலும் நூற்றுக்கணக்கான முறை பாதிவரை தீர்ந்து மீண்டும் நிரம்பத் தாங்கும். ஸ்டார்ட்டர் பேட்டரிகளின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் குளிர்த்தொடக்க ஆம்பியர் என்ற அளவு, உறைநிலைக்குக் கீழே 18 பாகை செல்சியசில் 30 விநாடிக்கு அந்தப் பேட்டரி தரக்கூடிய மின்னோட்டத்தைக் குறிப்பது. சிலாங்கூரின் வெப்பத்தில் அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை.

ஒரே பேட்டரி உள்ள படகில் நேரும் தோல்வி வினோதமானது: விளக்கு நன்றாக எரிகிறது, ஒலிப்பான் ஒலிக்கிறது, ஆனால் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற ஓசை மட்டுமே கேட்கிறது. இதற்கு விடை பேட்டரியின் உள்தடையில் இருக்கிறது. ஒவ்வொரு பேட்டரிக்கும் உள்ளேயே மின்னோட்டத்தை எதிர்க்கும் சிறு தடை உண்டு. நல்ல நிலையில் அது 0.01 ஓம் என்று கொண்டால், 150 ஆம்பியர் பாயும்போது உள்ளேயே 1.5 வோல்ட் இழக்கப்பட்டு, 12.6 வோல்ட் பேட்டரி 11.1 வோல்ட் தருகிறது, எஞ்சின் சுழல்கிறது. அதே பேட்டரி பழையதாகி, பாதி தீர்ந்து, உள்தடை 0.025 ஓமாக ஏறியிருந்தால் இழப்பு 3.75 வோல்டாகிறது, 12.2 வோல்டிலிருந்து மிஞ்சுவது 8.5 வோல்டுக்கும் குறைவு. ஸ்டார்ட்டர் தடுமாறுகிறது, எரிபொருளைத் தெளிக்கும் மின்னணுக் கட்டுப்பாடு உள்ள புதிய எஞ்சின்களில் அந்தக் கட்டுப்பாடே மயங்கிவிடுகிறது. 3 ஆம்பியர் மட்டும் கேட்கும் விளக்குக்கோ இழப்பு 0.075 வோல்ட், அதன் ஒளியில் மாற்றமே தெரிவதில்லை. பேட்டரி நலமாக இருக்கிறது என்று விளக்கு சொல்லும் சாட்சியை எஞ்சின் விஷயத்தில் ஏற்க முடியாததற்கு இதுவே காரணம்.

எனவே முதல் பேட்டரி எஞ்சினுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கப்பட்ட பிறகு, இரண்டாவதன் அளவைக் கணக்கிட வேண்டும். கழிமுகத்திலிருந்து மாலையில் புறப்பட்டு, பத்து மணி நேரம் வெளியே இருந்து திரும்பும் 6 மீட்டர் மீன்பிடிப் படகை எடுத்துக்கொள்ளலாம். கடலில் மோதல் தவிர்ப்புக்கான 1972ஆம் ஆண்டின் அனைத்துலக விதிகளின்படி, 12 மீட்டருக்குக் குறைந்த எஞ்சின் படகு இரவில் எல்லாப் பக்கமும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கும், இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை என்று பக்க விளக்குகளும் காட்டிச் செல்லலாம். வெள்ளை விளக்கு 2 கடல்மைல் தொலைவுக்கும், பக்க விளக்குகள் 1 கடல்மைல் தொலைவுக்கும் தெரிந்தாக வேண்டும், ஒரு கடல்மைல் என்பது 1852 மீட்டர். எல்இடி வகையில் இவை எல்லாம் சேர்ந்து அரை ஆம்பியர் இழுத்தால் பத்து மணி நேரத்துக்கு 5 ஆம்பியர்-மணி. மீன் கூட்டத்தைக் காட்டும் ஒலியலைக் கருவியும் இடங்காட்டியும் ஓர் ஆம்பியர் வீதம் 10; விஎச்எஃப் வானொலி கேட்டுக்கொண்டிருக்க 4, அவ்வப்போது பேச இன்னும் அரை; வலை இழுக்கும் நேரத்தில் மட்டும் எரியும் 2 ஆம்பியர் வேலை விளக்குக்கு ஐந்து மணி நேரத்தில் 10; படகின் அடித்தட்டில் சேரும் நீரை இறைக்கும் பம்பு விட்டுவிட்டு மொத்தம் ஒரு மணி நேரம் ஓடினால் 3; கைப்பேசிகளுக்கு இரண்டரை. எல்லாம் கூட்டினால் 35 ஆம்பியர்-மணி.

கடையில் 35 ஆம்பியர்-மணிப் பேட்டரி கிடைக்கும், ஆனால் அது போதாது. ஈய-அமிலப் பேட்டரியைப் பாதிக்கும் மேல் தீர்த்தால் அதன் ஆயுள் விரைவாகக் குறைவதால் 70 தேவை. ஐந்தில் நான்கு பங்குக் கொள்ளளவு மிஞ்சும்வரை பயன்படுத்துவது வழக்கம் என்பதால், அந்த முதுமையையும் கணக்கில் சேர்த்தால் 87.5; கடைவழக்கில் அதற்கு அடுத்த அளவு 100. இன்னொரு நுட்பமும் உண்டு. 100 ஆம்பியர்-மணி என்ற முத்திரை, 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் மட்டுமே மெய்யாகும். அதைவிட வேகமாக எடுத்தால் கிடைப்பது குறைகிறது என்பதை ஜெர்மனியின் வில்ஹெல்ம் பொய்கெர்ட் 1897இல் ஒரு சூத்திரமாக வகுத்தார். அமிலம் தகட்டின் நுண்துளைகளுக்குள் ஊறிச் சேர்வதற்கு முன்பே மேற்பரப்பில் இருப்பது தீர்ந்துவிடுவதே காரணம். மீனவர் படகின் விளக்குகளும் கருவிகளும் மெதுவாகவே எடுப்பதால் பொய்கெர்ட் விளைவை அங்கே மறந்துவிடலாம். மின்மோட்டார்ப் படகில் மறக்க முடியாது.

செலவுக் கணக்கை எல்லோரும் போடுகிறார்கள். வரவுக் கணக்கில்தான் பெரும்பாலான படகுகள் ஏமாறுகின்றன. 35 ஆம்பியர்-மணியை வெளியே எடுத்தால், வேதி இழப்புகளைச் சேர்த்து ஏறத்தாழ 40 ஆம்பியர்-மணியைத் திரும்பச் செலுத்த வேண்டும். சிறு அவுட்போர்டு எஞ்சினின் மின்னாக்கி முழு வேகத்தில் 15 ஆம்பியர் தரும் என்று கையேடு சொன்னாலும், எஞ்சின் தன் தீப்பொறிக்கும் எரிபொருள் பம்புக்கும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது, ஓடிக்கொண்டிருக்கும் விளக்குகள் இன்னொரு பகுதியை எடுத்துக்கொள்கின்றன. பேட்டரிக்கு 9 ஆம்பியர் கிடைத்தால் நன்று. மீன்பிடிக்கும் இடத்துக்குப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால் சேர்வது 27 மட்டுமே. ஒவ்வோர் இரவும் 13 ஆம்பியர்-மணி கடன் விழுகிறது. நான்காம் இரவு முடியும்போது 100 ஆம்பியர்-மணிப் பேட்டரி, படகு கரையில் நிற்கும்போதே பாதி காலியாக இருக்கிறது. பேட்டரி மட்டமானது என்று கடைக்காரர் மேல் விழும் பழிகளில் பல உண்மையில் இந்தக் கூட்டல் கழித்தலுக்கு உரியவை.

பாதி தீர்ந்த நிலையிலேயே நாள்கணக்கில் கிடக்கும் பேட்டரிக்கு இன்னொரு கேடும் நேர்கிறது. தகடுகளில் படிந்த ஈயச் சல்பேட்டு முதலில் நுண்ணிய துகளாக இருப்பதால் எளிதில் கரைகிறது. விட்டுவைத்தால் அது பெரிய படிகங்களாக இறுகி, பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் முழுதாகக் கரைவதில்லை. இதைத் தவிர்க்க ஒன்று, படகு கட்டியிருக்கும் துறையில் வீட்டு மின்சாரத்தில் ஓடும் மின்னேற்றியை மாட்ட வேண்டும். அல்லது மேற்கூரையில் சூரியத்தகடு வைக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் ஒரு நாளின் வெயிலை முழு உச்ச வெயிலாகச் சுருக்கிக் கணக்கிட்டால் ஏறத்தாழ நான்கரை மணி நேரம் வரும். 50 வாட் தகடு, இழப்புகள் போக, ஒரு நாளில் 170 வாட்-மணி, அதாவது 13 ஆம்பியர்-மணி தரும். மேலே கண்ட கடனை அது சரியாக அடைக்கிறது. ஆனால் பருவமழைக் காலத்து மேகங்களை எண்ணிப் பார்க்கும் எவரும் 100 வாட் தகடையே தேர்ந்தெடுப்பர்.

இனி, ஒரே மின்னாக்கியால் இரண்டு பேட்டரிகளையும் நிரப்ப வேண்டும், ஆனால் ஒன்று தீரும்போது மற்றதை இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்ற முரண்பட்ட தேவை எழுகிறது. இரட்டைப் பேட்டரி அமைப்பின் உயிர்நாடி இந்த இணைப்பே. மிகப் பழைய தீர்வு, ‘ஒன்று’, ‘இரண்டு’, ‘இரண்டும்’, ‘நிறுத்தம்’ என்று நான்கு நிலைகள் கொண்ட சுழல் சுவிட்ச். விலை குறைவு, பழுதாவதற்கு அதிகம் ஒன்றுமில்லை, ஸ்டார்ட்டர் பேட்டரி செத்துவிட்டால் மற்றதை உதவிக்கு அழைக்க முடியும். குறை முழுவதும் மனித மறதியில் இருக்கிறது: ‘இரண்டும்’ நிலையில் விட்டுவிட்டு எஞ்சினை அணைத்தால் இரண்டு பேட்டரிகளும் ஒன்றாகிவிடுகின்றன, காலையில் இரண்டும் ஒன்றாகவே தீர்ந்திருக்கின்றன. எஞ்சின் ஓடும்போது தவறி ‘நிறுத்தம்’ நிலையைக் கடந்தால், போக இடமின்றித் திடீரென எகிறும் மின்னழுத்தம் மின்னாக்கியின் டையோடுகளை எரித்துவிடக்கூடும்.

மறதிக்கு மருந்தாக வந்தது டையோடுப் பிரிப்பான். டையோடு மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடுவது என்பதால், மின்னாக்கியிலிருந்து இரண்டு பேட்டரிகளுக்கும் தனித்தனி டையோடு வழியே பாதை அமைத்தால், ஒரு பேட்டரியிலிருந்து மற்றதற்கு மின்சாரம் ஓட வழியே இல்லாமல் போகிறது. கொள்கையளவில் அழகான தீர்வு. நடைமுறையில் அதற்கு ஒரு சுங்கவரி உண்டு. சிலிக்கன் டையோடு ஒவ்வொன்றும் 0.6 அல்லது 0.7 வோல்டை விழுங்கிக்கொள்வதால், மின்னாக்கி 14.4 வோல்ட் தந்தாலும் பேட்டரிக்குப் போய்ச் சேர்வது 13.7 வோல்ட். அந்த அழுத்தத்தில் ஈய-அமிலப் பேட்டரி குறுகிய பயணங்களில் ஒருபோதும் நிரம்புவதில்லை. பெரிய கப்பல்களில் மின்னாக்கியின் கட்டுப்பாட்டை மாற்றியமைத்து இதை ஈடுசெய்யலாம்; சிறு அவுட்போர்டில் அதற்கு வசதி பெரும்பாலும் இல்லை. புலவிளைவு டிரான்சிஸ்டர்களால் ஆன புதிய பிரிப்பான்கள் இந்த இழப்பை 0.1 வோல்ட் அளவுக்குக் குறைத்துவிட்டன.

இன்று சிறு படகுகளுக்கு மிகவும் பொருந்துவது மின்னழுத்தம் உணரும் ரிலே. ரிலே என்பது மின்காந்தத்தால் மூடித் திறக்கும் சுவிட்ச். இந்த வகை ரிலே ஸ்டார்ட்டர் பேட்டரியின் அழுத்தத்தைக் கண்காணித்துக்கொண்டே இருந்து, அது 13.3 முதல் 13.7 வோல்டுக்குள் ஏறும்போது, எஞ்சின் ஓடுகிறது, முதல் பேட்டரி போதிய அளவு நிரம்பிவிட்டது என்று முடிவு செய்து, இரண்டையும் இணைக்கிறது, 12.8 வோல்டுக்கு இறங்கியதும் எஞ்சின் நின்றுவிட்டது என்று கொண்டு பிரிக்கிறது. முன்னுரிமை தெளிவாக இருக்கிறது: முதலில் எஞ்சினுக்கு, பிறகே விளக்குக்கு. சிறு எஞ்சின்களில் ஒரு தொல்லை மட்டும் காணப்படும். விளக்குப் பேட்டரி மிகவும் தீர்ந்திருந்தால், ரிலே இணைத்த மறுகணமே அது இரண்டின் அழுத்தத்தையும் 12.8 வோல்டுக்குக் கீழே இழுத்துவிட, ரிலே பிரிகிறது. பிரிந்ததும் அழுத்தம் ஏற, மீண்டும் இணைகிறது. இந்தத் துடிப்பைத் தணிக்க நல்ல ரிலேக்களில் கால தாமதம் சேர்க்கப்பட்டிருக்கும். அதைச் சரிபார்க்காமல் மலிவானதை வாங்கினால் ரிலேயின் முனைகள் சில மாதங்களில் கருகிவிடலாம்.

இணைப்பைப் போலவே வயரும் வடிவமைப்பின் பகுதிதான், கடைசியில் நினைவுக்கு வரும் துணைப்பொருள் அல்ல. ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்பு வயரின் தடை மீட்டருக்கு 0.0172 ஓம். 5 மீட்டர் தொலைவில் உள்ள கருவிக்குப் போகவும் வரவும் 10 மீட்டர் வயர் வேண்டும், 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 10 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 0.7 வோல்ட் வழியிலேயே தொலைகிறது, 6 சதுர மில்லிமீட்டரில் 0.3 வோல்டுக்கும் குறைவு. 12 வோல்டில் 0.7 என்பது 6 விழுக்காடு. வழிகாட்டும் விளக்குகள் போன்ற இன்றியமையாதவற்றுக்கு 3 விழுக்காட்டுக்கு மேல் இழப்பு கூடாது என்பது படகு மின்னமைப்பில் பின்பற்றப்படும் பொது நெறி. இழைவிளக்கு எரியும் பழைய படகில் இந்த நெறி வெறும் கண்டிப்பு அல்ல. இழைவிளக்கின் ஒளி மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறுவதால், அழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி 30 விழுக்காடு குறைந்து, 2 கடல்மைலுக்குத் தெரிய வேண்டிய விளக்கு அவ்வளவு தொலைவுக்குத் தெரியாமல் போகும். ஸ்டார்ட்டர் வயரில் நிலைமை இன்னும் கடுமை: போகவர 6 மீட்டர் தொலைவுக்கு 10 சதுர மில்லிமீட்டர் வயரை வைத்தால் 150 ஆம்பியரில் 1.5 வோல்ட் போய்விடும், முன்பு கண்ட பேட்டரியின் உள்ளிழப்பு அத்தனையும் இன்னொரு முறை நிகழ்ந்தது போல. 35 சதுர மில்லிமீட்டரில் அது 0.45 வோல்டுக்குள் அடங்கும்.

ஃபியூஸ் கருவியைக் காப்பதற்கு என்பது பொதுவான எண்ணம். அது முதன்மையாகக் காப்பது வயரையே. உள்தடை 0.01 ஓம் உள்ள 12 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் ஆயிரம் ஆம்பியருக்கும் மேல் பாயும். வயரின் மேலுறை சில விநாடிகளில் தீப்பற்றும். ஆகவே ஃபியூஸ் பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில், அமெரிக்கப் படகுத் தரநெறிப்படி 18 சென்டிமீட்டருக்குள், இருக்க வேண்டும். விளக்கின் அருகே வைத்தால், பேட்டரிக்கும் விளக்குக்கும் இடைப்பட்ட வயர் முழுவதும் காப்பின்றி நிற்கும். இரண்டு பேட்டரி உள்ள படகில், அவற்றை இணைக்கும் வயருக்கு இரு முனையிலும் மின்சார ஊற்று இருப்பதால், ரிலேயின் இருபுறமும் ஃபியூஸ் வேண்டும் என்பது அடிக்கடி விடுபடும் ஒரு விவரம். பொது விதிக்கு விலக்காக, அடித்தட்டு நீரை இறைக்கும் தானியங்கிப் பம்பு மட்டும் முதன்மைச் சுவிட்சைத் தவிர்த்து, தனக்கென ஒரு ஃபியூசுடன் விளக்குப் பேட்டரியிலிருந்து நேரே இணைக்கப்பட வேண்டும். எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு உரிமையாளர் வீட்டுக்குப் போன இரவில் மழை பெய்தாலும் படகு மூழ்காதிருக்க வேறு வழியில்லை.

சிலாங்கூர்க் கரையின் வெப்பமும் உப்பும் இந்த அமைப்பைத் தனியே சோதிக்கின்றன. ஈய-அமிலப் பேட்டரிகளின் அளவுகள் 25 பாகை செல்சியசை வைத்து எழுதப்பட்டவை. வெப்பம் 10 பாகை உயர்ந்தால் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாவதால் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது துறையில் வழங்கும் மதிப்பீடு. வெயிலில் காயும் மூடிய பெட்டிக்குள் 35 பாகை என்பது சாதாரணம். அந்நிலையில் மின்னேற்றும் அழுத்தத்தையும் ஏறத்தாழ கால் வோல்ட் குறைத்து வைக்க வேண்டும், இல்லையேல் பேட்டரியின் நீர் வாயுவாகப் பிரிந்து வற்றும். அப்படிப் பிரியும் ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே வெடிக்கக்கூடியது. அது மேலெழும் வாயு, பெட்ரோல் ஆவியோ கீழே படிந்து தேங்குவது. ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் சேரும் என்பதால், பேட்டரிப் பெட்டியின் மேற்புறத்தில் காற்றுவழி விடுவதோடு, பெட்ரோல் தோம்பையும் பேட்டரியையும் ஒரே அறைக்குள் வைக்காதிருப்பதே பாதுகாப்பு. ஏற்றத்தின்போது கடல்நீர் உட்புகும் இந்த ஆற்றில் வெறும் செம்பு வயர் உறைக்குள்ளேயே பச்சை பூத்துக் கருகும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் விலை கூடினாலும் ஆண்டுகளைத் தாங்கும்.

புக்கிட் பெலிம்பிங்கில் ஓடுவது போன்ற மின்மோட்டார்ப் படகுக்கு வரும்போது கேள்வியின் வடிவமே மாறிவிடுகிறது, ஏனெனில் அங்கே தொடக்க வேண்டிய எஞ்சின் இல்லை. மின்படகு புதுமையும் அல்ல: மோரிட்ஸ் யாகோபி 1838இல் ரஷ்யாவின் நேவா ஆற்றில் பேட்டரியால் ஓடும் படகைச் செலுத்திக் காட்டினார், பெட்ரோல் எஞ்சின் படகு பிறந்தது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தே. மின்மினிகள் ஒளியால் இணைதேடுபவை, அவற்றின் புழுக்கள் ஆற்றங்கரைச் சேற்றில் நத்தைகளைத் தின்று வளர்பவை என்பதால், எஞ்சினின் இரைச்சலும் புகையும் கரையை அரிக்கும் அலையும் இல்லாத மெதுவான படகு இந்தத் தொழிலுக்கு இயல்பாகவே பொருந்துகிறது. மெதுவாகப் போவதில் மின்னியல் ஆதாயமும் பெரிது: நீரைக் கிழித்துச் செல்லும் படகுக்குத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், வேகத்தைப் பாதியாக்கினால் திறன் எட்டில் ஒரு பங்காகிறது.

ஆனால் இதே மும்மடி விதி கழிமுக ஆற்றில் எதிரியாகவும் மாறும். நாளுக்கு இருமுறை கடல் ஏறி இறங்கும் இந்த ஆற்றில், கரையைப் பொறுத்து மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் போக விரும்பும் படகுக்கு, நீர் அசையாத வேளையில் 60 வாட் போதும் என்று கொள்ளலாம். அதே 2 கிலோமீட்டர் வேகத்தில் நீர் எதிரே வந்தால் படகு நீரைப் பொறுத்து 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும்; திறன் 480 வாட்டாகிவிடும். அரை மணி நேரப் பாதைக்கு 30 வாட்-மணிக்குப் பதில் 240 வாட்-மணி. 12 வோல்டில் 480 வாட் என்பது 40 ஆம்பியர். பொய்கெர்ட் சூத்திரத்தில் அடுக்கை 1.2 என்று வைத்தால், அந்த வேகத்தில் 100 ஆம்பியர்-மணிப் பேட்டரி தருவது 66 ஆம்பியர்-மணி மட்டுமே. நீரோட்டம் ஒருபுறமும் பேட்டரியின் வேதியியல் மறுபுறமும் சேர்ந்தே சுமையை ஏற்றுகின்றன. படகின் வரம்பைக் கையேட்டில் உள்ள கிலோமீட்டர் எண்ணால் குறிப்பதைவிட, நீரேற்ற அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு குறிப்பதே பொறுப்பான கணக்கு.

இங்கே இரண்டாவது பேட்டரியின் இடம் தெளிவாகிறது. மோட்டாரை இயக்கும் பெரிய பேட்டரி தீர்ந்து, படகு இருட்டில் நீரோட்டத்தோடு மிதக்கும் நேரத்தில்தான் விளக்கும் வானொலியும் மிகவும் தேவைப்படுகின்றன. அவை அதே பேட்டரியைச் சார்ந்திருந்தால் தேவைப்படும் கணத்திலேயே அணைந்துவிடும். எனவே சிறிய 12 வோல்ட் பேட்டரி ஒன்று விளக்கு, வானொலி, பம்பு ஆகியவற்றுக்குத் தனியே இருக்க வேண்டும். மோட்டாருக்காக இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறும் படகுகளில், அந்த இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் விளக்குக்கு வயர் எடுப்பது அடிக்கடி காணப்படும் குறுக்குவழி. விளைவு, ஒன்று எப்போதும் மற்றதைவிடக் குறைவாக நிரம்பி நிற்கிறது. இரண்டையும் சேர்த்து மின்னேற்றும்போது குறைந்தது நிரம்புவதற்குள் மற்றது மிகையாக மின்னேறி நீர் வற்றுகிறது. இரண்டும் வெவ்வேறு காரணங்களால் சாகின்றன. 24 வோல்டை 12ஆக மாற்றும் மின்மாற்றுக் கருவி வழியாகச் சிறு பேட்டரியை நிரப்புவதே முறை.

லித்தியம் இரும்புப் பாஸ்பேட்டு பேட்டரியின் வருகை இந்தக் கணக்குகளில் சிலவற்றை எளிதாக்கியிருக்கிறது, சிலவற்றைச் சிக்கலாக்கியிருக்கிறது. 100 ஆம்பியர்-மணி ஈய-அமிலப் பேட்டரி 25 முதல் 30 கிலோ எடை இருக்க, இது அதன் பாதிக்கும் குறைவு. பாதிக்குப் பதில் ஐந்தில் நான்கு பங்கு வரை தீர்க்கலாம். பொய்கெர்ட் விளைவும் மிகச் சிறிது. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்து ஈயலம்பக் குளங்களில் தூண்டில் போடுவோர் கையால் தூக்கிப் போகும் சிறு படகுக்கு இந்த எடைக்குறைவு ஒன்றே போதிய காரணம். சிக்கல், ஈய-அமிலத்தோடு இதைச் சேர்த்து வைக்கும்போது எழுகிறது. நிரம்பிய லித்தியம் பேட்டரி ஓய்வில் 13.3 வோல்ட் காட்டும், பெரும்பகுதி தீரும்வரை 13 வோல்டுக்குக் கீழே இறங்காது. மின்னழுத்தம் உணரும் ரிலேயோ 12.8 வோல்டில்தான் பிரியும். எஞ்சின் நின்றாலும் லித்தியம் பேட்டரியே அழுத்தத்தைத் தூக்கிப் பிடிப்பதால், எஞ்சின் ஓடுகிறது என்று ரிலே ஏமாந்து, பிரிக்க வேண்டியதைப் பிரிக்காமலேயே இருந்துவிடுகிறது. இரண்டு பேட்டரிகளும் எந்த அறிகுறியும் இன்றி ஒன்றாகிவிடுகின்றன. மேலும் உள்தடை மிகக் குறைந்த லித்தியம், மின்னாக்கி தரக்கூடிய அத்தனையையும் இடைவிடாது இழுத்து அதைச் சூடேற்றும்; தன்னைக் காத்துக்கொள்ளும் உட்கட்டுப்பாட்டுச் சுற்று திடீரென இணைப்பைத் துண்டித்தால், மின்னாக்கியின் அழுத்தம் எகிறி டையோடுகள் போகலாம்.

ஆகவே எஞ்சினுக்கு ஈய-அமிலம், விளக்குக்கு லித்தியம் என்று கலந்து வைக்கும் படகில், ரிலேயை நீக்கிவிட்டு, நேர்மின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாகவே மாற்றித் தரும் மின்னேற்றியை இடையில் வைக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது மட்டும் இயங்குமாறு அதைச் சாவியின் வயரோடு இணைத்து, 15 ஆம்பியர் தரும் மின்னாக்கியிலிருந்து 8 அல்லது 9 ஆம்பியருக்கு மேல் எடுக்காதபடி அதன் அளவைக் கட்டுப்படுத்தினால், மின்னாக்கியும் தப்பும், எஞ்சின் பேட்டரியின் முன்னுரிமையும் கெடாது. லித்தியத்தின் வோல்ட் அளவு மிச்சத்தைச் சொல்லாது என்பதால், எதிர்முனை வயரில் ஷண்ட் எனப்படும் மிகச் சிறிய தடையைப் பொருத்தி, அதன் வழியே உள்ளே போன ஆம்பியர்-மணியையும் வெளியே போனதையும் எண்ணிக்கொண்டிருக்கும் அளவியும் அந்தப் படகில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை பேட்டரியை முழுமையாக நிரப்பி அந்த எண்ணிக்கையைச் சுழியத்துக்குத் திருப்பாவிட்டால், சிறு பிழைகள் கூடிக்கூடி அளவி காட்டும் மிச்சம் மெய்யான மிச்சத்திலிருந்து விலகிவிடும்.